அரிசி ஏன் வெள்ளை?

நெல் இலையின் பச்சைக்குள் மஞ்சளும் ஒளிந்திருக்கிறது. பயிர் பழுத்துப் பச்சை வடியும்போது அது வெளியே தெரியும். அந்த மஞ்சள் நிறமிகளில் ஒன்று பீட்டா கரோட்டின்; நம் உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். இலையில் அதை உண்டாக்கும் மரபணுக்கள் அத்தனையும் அரிசியின் செல்களிலும் இருக்கின்றன. இருந்தும் அரிசி வெள்ளை.

மரபணு இருப்பது வேறு, இயங்குவது வேறு. குரோமோசோமில் இருப்பது மூலப் பத்திரம். பெட்டியை விட்டு அது வெளியே வராது. எந்தப் பக்கம் தேவையோ அதற்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்ற நகலை எடுத்து வேலையை நடத்துகிறது செல். இலை எடுக்கும் நகல்கள் வேறு, வேர் எடுப்பவை வேறு, பால் பிடித்த மணி எடுப்பவை வேறு. அவற்றை அளந்து பார்ப்பதுதான் ஆய்வாளர் வேலை. சொல்வது எளிது! ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி நம் விரல் நுனியிலேயே உண்டு. அதனால் திசுவைப் பறித்த கையோடு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடிக்கிறார்கள். நெல்மணி என்றால் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதில் மாவுச்சத்தின் தொல்லை வேறு.

அரிசியிலும் பீட்டா கரோட்டினை வரவழைக்க முடியுமா? 2000இல் இங்கோ பொட்ரிகஸ், பீட்டர் பையர் குழுவினர் அப்படி மரபணு புகுத்திய தங்க அரிசியை அறிவித்தார்கள். டாஃபடில் பூச்செடியின் மரபணு ஒன்று, பாக்டீரியாவின் மரபணு ஒன்று. டாஃபடில் மரபணு அரிசிக்குள் மட்டும் இயங்க வேண்டும் என்பதற்காக, மணியில் சேரும் குளூட்டெலின் புரதத்தின் மரபணுவிலிருந்து தொடக்கப் பகுதியை வெட்டி அதன் முன்னால் ஒட்டினார்கள்.

இதில் ஒரு புதிர் இருந்தது. இந்த இரண்டு மரபணுக்களும் கொண்டுபோய் விடுவது லைக்கோபீன் வரைதான். அது தக்காளியின் சிவப்பு. அரிசியோ மஞ்சளாக வந்தது. மீதி வழியை நடத்தியது யார்?

2005இல் பையர் குழு சாதாரண நெல்லின் வெண்பகுதியிலேயே ஆர்.என்.ஏ.வை அளந்தது. லைக்கோபீனை பீட்டா கரோட்டின் ஆக்கும் மரபணு உட்பட, தேடிய மரபணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நகல் இருந்தது. முதல் படியில் ஃபைட்டோயீனை உண்டாக்கும் ஃபைட்டோயீன் சிந்தேஸ் நொதிக்கு மட்டும் அநேகமாக இல்லை; டாஃபடில் மரபணு ஈடுசெய்தது அதைத்தான். வெள்ளைச் சோற்றுக்குள் இவ்வளவு ஆயத்தம் நடந்துகொண்டிருப்பது, தங்க அரிசியின் நிறத்தைவிட எனக்குப் பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது.

நகல் இருந்தால் வேலையும் நடந்துவிடும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இடைப்பட்ட படிகளுக்கு நெல்லின் சொந்த நகல்கள் இருந்தும், பாக்டீரியா மரபணு இல்லாமல் ஃபைட்டோயீனைத் தாண்ட முடியவில்லை. முதல் படியின் பலவீனத்தை அதே ஆண்டில் வேறொரு குழு சரிசெய்தது: டாஃபடிலுக்குப் பதில் மக்காச்சோளத்தின் மரபணு. கிராமுக்கு 1.6 மைக்ரோகிராமாக இருந்த கரோட்டின் வகைகள் 37 வரை ஏறின.