எரரைப் படிக்கச் சொல்லித் தருபவர்

சென்னையில் வேளச்சேரி, தாம்பரம் பக்கம் ஐ.டி. பயிற்சி மையங்களின் ஃப்ளெக்ஸுக்குப் பஞ்சமில்லை. இப்போது விற்பது டேட்டா சயின்ஸும் ஏ.ஐ.யும். 'வேலை நிச்சயம்' என்று அச்சடிப்பது நிர்வாகம். மூன்று மாதம் கழித்து, "சார், இன்னும் ஒரு இன்டர்வியூ கால்கூட வரலையே" என்ற கேள்விக்கு முகம் கொடுப்பது ட்ரெய்னர்.

இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மணிக்கணக்கு, இல்லையென்றால் பேட்ச் கணக்கு. டெமோ கிளாஸில் பேச்சு எடுபடாவிட்டால் பேட்ச் நிரம்பாது. பாடம் மாறும்போது தானும் படித்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் டேலி நடத்தியவர்கள் வாட் பாடத்தை மூட்டை கட்டினார்கள். 2020 பிறந்தபோது பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஃப்ளாஷுக்கும் கதை முடிந்தது.

இதையெல்லாம் சமாளித்துவிடுவார்கள். என் கவலை வேறு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, திரையில் சிவப்பாக எரர் வந்தால் மாணவர் அதைப் படிப்பதே இல்லை. அப்படியே காப்பி செய்து ஏ.ஐ.யிடம் ஒட்டுகிறார், வருவதைத் திரும்ப இங்கே ஒட்டுகிறார். ஓடிவிட்டால் சரி. ஏன் ஓடியது? தெரியாது. ஜாவாவில் பிழையின் பெயர் பொதுவாக முதல் வரியிலேயே இருக்கும், பைத்தானில் கடைசி வரியில். எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்பதும் அந்த எரர் செய்தியிலேயே இருக்கும். மாணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "தம்பி, வாய்விட்டுப் படி" என்று சொல்வதுதான் நல்ல ட்ரெய்னரின் பாதி வேலை. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆன்லைன் பேட்சில் யார் பின்னால் போய் நிற்பது?

யூடியூபில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். கட்டுப்பாடாக உட்கார்ந்து படிப்பவர்களுக்கு அது போதும்தான். ஆனால் வீடியோவில் வரும் புரோகிராம் பெரும்பாலும் முதல் தடவையே ஓடிவிடும். தவறிய இடங்களை வெட்டிவிட்டுத்தானே பதிவேற்றுகிறார்கள்!

ஆகவே பெற்றோரே, மாணவரே, டெமோ கிளாஸுக்குப் போனால் சம்பளப் பேக்கேஜை அப்புறம் கேட்கலாம். ஓடுகிற புரோகிராமில் ஒரு வரியைக் கெடுத்துக்கொடுத்து, அதை ட்ரெய்னர் உங்கள் கண்முன்னே சரிசெய்கிறாரா என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.