ஒற்றை ஆள் கூடாரம்: எதை வாங்கி வைப்பது, யாருக்கு விற்பது?

சென்ற ஆடி மாதம் ஓசூர் பாகலூர் சாலையில் நமது சங்க அன்பர் ஒருவரின் கடையில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருந்தோம். தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கையில் ஒரு பையுடன் உள்ளே வந்தார். பையைத் திறந்து மேசை மேல் கொட்டினார். நீளவாக்கில் பிளந்து நார் நாராய்ப் போன ஒரு ஃபைபர் கம்பு. அதன் முனை கிழித்த துணி. மோட்டார் சைக்கிளில் லடாக் போனவர், மலைக் கணவாய் ஒன்றின் அடியில் கூடாரம் அடித்திருக்கிறார். பிற்பகலில் எழுந்த காற்றில் கம்பு முறிந்தது. அன்றிரவு வழியோரத் தேநீர்க் கடைக்காரர் இடம் கொடுத்திராவிட்டால் குளிரில் என்ன ஆகியிருக்குமோ தெரியாது என்றார். "மலைக்குத் தாங்கும்னு சொல்லித்தானே குடுத்தீங்க, அண்ணா?" என்று அவர் கேட்டதில் கோபம் இல்லை. அதுதான் நம்மை உறுத்தியது.

நமது அன்பர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பொய் சொல்லி விற்றவரல்லர். பெட்டியின் மேல் பனிமலைப் படம் போட்டிருந்தது. அவர் அதை நம்பினார். பொருளை நாம் அறியாமல் விற்றால் படம் போட்டவனுக்கு நாம் சாட்சி சொன்னவர்களாகிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தார்ப்பாய், கயிறு, பிளாஸ்டிக் விரிப்பு விற்கும் கடைகள் பலவும் இப்போது கூடாரம் வாங்கி வைக்கின்றன. பெங்களூர் 40 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது, விடுமுறைக்கு மலையேறும் கூட்டம் இரு பக்கமும் பெருகிவிட்டது. ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் பெயர். வெளிநாட்டுச் சரக்கில் சில "வேட்டைக் கூடாரம்" என்ற பெயரோடு, இலை தழை அச்சிட்ட துணியில் வருகின்றன. அலாஸ்கா, நியூசிலாந்து போன்ற இடங்களில் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் மலை முகட்டில் பல நாள் தனியாகத் தங்குவார்கள். முதுகில் சுமப்பதால் எடை குறைய வேண்டும். மரமில்லாத முகடு என்பதால் காற்றைத் தாங்க வேண்டும். அந்தத் தேவைக்குப் பிறந்த சரக்கு அது. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது, மீறினால் சிறை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடுகளின் பெரும் பகுதி 2014இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி அதற்குள் காலடி வைப்பதே குற்றம். "வேட்டைக்கு ஏற்றது" என்று நம் கடை வாசலில் பலகை வைத்தால், அது யாரை அழைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரும் வேண்டாம், அந்தத் துணியும் வேண்டாம். ஆரஞ்சு, மஞ்சள் நிறம் வாங்குங்கள். வழி தவறியவனைத் தேடிப் போகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

இனி சரக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது துணியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தோட்டத்தில் நன்றாக நின்ற கூடாரம் முகட்டில் சாய்வதற்குக் காரணம் இதுதான். முதலில் கம்பைப் பாருங்கள். மலிவான சரக்கில் வருவது ஃபைபர் கம்பு. கனமானது, முறிந்தால் நீளவாக்கில் பிளந்து துணியையும் கிழிக்கும். அலுமினியக் கலவைக் கம்பு வளையும், நசுங்கும். ஆனால் மேலே ஒரு சிறு குழாயைச் செருகிக் கட்டி இரவை ஓட்டிவிடலாம். 7001 அல்லது 7075 என்ற எண் குறித்திருந்தால் அது நல்ல கலவை. குழாய்த் துண்டு பையில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது வடிவம். உயரமாக, செங்குத்தாகச் சுவர் நிற்கும் கூடாரம் உள்ளே வசதி. காற்றுக்கு அது பாய்மரம். தாழ்ந்து, எல்லாப் பக்கமும் சரிந்து, கம்புகள் ஒன்றையொன்று பல இடங்களில் வெட்டிச் செல்வதே பலம். 1975இல் அமெரிக்காவின் நார்த் ஃபேஸ் நிறுவனம், கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடக் கணக்கை வைத்துச் செய்த கூடாரம் இந்த வழியைத் திறந்தது. ஸ்வீடனின் ஹில்லபெர்க் நிறுவனம் வேறு வழியில் போனது. அதன் ஒற்றை ஆள் கூடாரம் ஒரே வளைவுக் கம்பில், நாலாபக்கமும் இழுகயிற்றில் நிற்கிறது. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. கம்பு குறைந்தால் கயிறும் முளையும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். நம் ஊரில் வாடிக்கையாளர் இழுகயிறுகளைப் பையிலேயே விட்டுவிட்டு, "காத்துல பறந்துடுச்சு" என்று வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறோம். கம்பின் பாதி உயரத்தில் கயிறு கட்ட வளையம் இல்லாத கூடாரத்தை மலைக்கு என்று விற்காதீர்கள். கூடவே வரும் மெல்லிய கம்பி முளைகள் கையாலேயே வளையும்; ஒய் வடிவ அலுமினிய முளைகளைத் தனியாக வாங்கி வைத்தால் வாடிக்கையாளருக்கும் நலம், நமக்கும் இலாபம்.

துணியில் 190டி என்று அச்சிட்டிருப்பதைப் பலர் கனம் என்று நினைக்கிறார்கள். அது ஓர் அங்குலத்தில் பாவும் ஊடுமாக ஓடும் இழைகளின் எண்ணிக்கை. இழையின் பருமனைச் சொல்வது டெனியர். நீர் தாங்கும் அளவு மில்லிமீட்டரில் இருக்கும். மேல்விரிப்புக்கு 1500க்குக் குறையாமலும், தரைக்கு அதைவிடக் கூடுதலாகவும் பாருங்கள். தையல் மேல் உள்பக்கம் நாடா ஒட்டியிருக்க வேண்டும். நைலான் ஈரத்தில் தொய்யும், பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது. தனியாகப் போகிறவருக்கு இரட்டைச் சுவர்க் கூடாரமே உத்தமம்; ஒற்றைச் சுவர் எடை குறைவென்றாலும் மூச்சுக்காற்று உள்ளே வியர்த்துப் படுக்கையை நனைக்கும்.

எடையைப் பெட்டியில் படிக்காதீர்கள். தராசு நம்மிடமே இருக்கிறது. கம்பு, முளை, கயிறு, பை எல்லாம் சேர்த்து நிறுத்துச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கும் கீழே என்று விளம்பரம் செய்யும் சரக்கில் துணி மெல்லியதா, முளைகள் கணக்கில் விடுபட்டனவா என்று கேட்க வேண்டும். காற்று மலைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை சுமப்பது வீண் சுமையல்ல.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூருக்கு அந்தக் காற்று நன்றாகவே வரும். புதுச் சரக்கு வந்தால் ஒன்றை மொட்டை மாடியில் மணல் மூட்டையில் கட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எந்தத் தையல் முதலில் பிரிகிறது என்று கண்ணால் கண்டவர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு தனி.

கிடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே பூசிய பாலியுரித்தேன் பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, புளித்த வாடை அடிக்கும். அப்படிப்பட்டதைத் துடைத்து விற்க முயலாதீர்கள், தேறாது. முதலில் வந்தது முதலில் போகட்டும். வெளிமாநிலக் கொள்முதலில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் உண்டா என்றும் பாருங்கள். ஜூஜூவாடியில் பழைய வரிச் சாவடி இல்லையென்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். பறக்கும் படை இருக்கிறது.

கடைசியாக, யாருக்கு விற்பது? 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் 23 பேர் மாண்டனர். அதன் பிறகு அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் வழிகாட்டியுடன் போகலாம். காட்டுக்குள் தனியே தங்கக் கூடாரம் கேட்பவரிடம் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வியாபாரம் போய்விடாது.

தளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ராகி அறுவடைக் காலத்தில் யானை இறங்குகிறது, காவலுக்கு நிலத்தில் படுக்க எளிதாய்த் தூக்கும் கூடாரம் வேண்டுமென்றார். நமது அன்பர் விற்கவில்லை. "ஐயா, துணிக்குள்ள படுத்தா யானை பக்கத்துல வர்றதே உங்களுக்குத் தெரியாது. பரண் மேலதான் படுக்கணும், அதுவும் தனியா வேண்டாம்" என்று சொல்லி, பரணுக்கு மேல் போட ஒரு தார்ப்பாயையும், கட்ட நைலான் கயிற்றையும், நல்ல டார்ச் விளக்கு ஒன்றையும் கொடுத்தனுப்பினார். கூடாரத்தின் விலையில் அது கால் பங்குகூட ஆகவில்லை.