தாங்களே எடுத்த படம்

படித்தவர்கள்தான் வீடியோ படம் எடுக்க முடியுமா? இல்லை.

குஜராத்தில் அகமதாபாத் நகரம் உள்ளது. அங்கே 'சேவா' என்ற பெண்கள் சங்கம் இருக்கிறது. 1984இல் அதன் பெண்கள் சுமார் 20 பேர் வீடியோ பயிற்சி பெற்றார்கள். சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காய்கறி விற்பவர்களும் இருந்தார்கள். மூன்றே வாரம்தான். ஒருவர் கேமரா பிடித்தார். ஒருவர் மைக் பிடித்தார். எடுத்ததைப் போட்டுப் பார்த்துத் தவறைத் திருத்தினார்கள்.

மானேக் சௌக் சந்தையில் தெருவோரம் காய்கறி விற்கும் பெண்களைப் படமாக்கினார்கள். அவர்கள் தங்கள் கஷ்டத்தைத் தாங்களே சொன்னார்கள்.

இன்று செல்பேசியிலேயே கேமரா உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைக் கற்கலாம். ஊரில் எது குறை? யாரைப் பேசவைப்பது? முதலில் கூடிப் பேசட்டும். கேட்டுவிட்டுப் படம் எடுக்கட்டும். பிறகு ஊரார் முன் போட்டுக் காட்டட்டும்.