எந்த வேலைக்கு எந்த மாடல்?

“எந்த ஏஐ நல்லது?” என்ற கேள்விக்கு, வேலை என்னவென்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

“அண்ணா, நேத்து வாங்குன மிக்ஸி ஓடல, மாத்தித் தருவீங்களா?” கடைக்கு வரும் இப்படிப்பட்ட செய்திகளைப் புகார், ஆர்டர், விசாரணை எனப் பிரிக்க, விலை குறைந்த சிறிய மாடலையே முதலில் பாருங்கள். பதிலும் சட்டென்று வரும். மாறாக, 2024 செப்டம்பரில் ஓபன்ஏஐ வெளியிட்ட ஓ1 போன்ற மாடல்கள், விடைக்கு முன் படிப்படியாக யோசிப்பவை. ஏபிஐ வழியாக, அதாவது உங்கள் மென்பொருளிலிருந்தே மாடலை அழைத்தால், அந்த யோசனைக்கும் காசு. கடன் தவணைக் கணக்கு, நிரலில் பிழை தேடுவது போன்ற பல படி வேலைகளுக்குத்தான் அந்தச் செலவு தகும்.

தமிழில் வேலை என்றால் இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். மாடல்கள் எழுத்தை டோக்கன் எனும் துண்டுகளாக்கி வாசிக்கின்றன. ஏபிஐ கட்டணமும் டோக்கன் கணக்கில்தான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். ‘க’வுக்கு 3, ‘கி’க்கு 6. இந்தப் பைட்டுகளைச் சேர்த்துத் துண்டாக்கும் டோக்கனைசர், ஆங்கிலத்தையே அதிகம் கண்டு பழகியதாக இருந்தால், ஒரே தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாகச் சிதறடித்துவிடும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய தமிழ் மாதிரி, 116 டோக்கனிலிருந்து 35 ஆகக் குறைந்தது. அதே சேதிக்குப் பழைய டோக்கனைசரில் மும்மடங்குக்கு மேல் டோக்கன். நீண்ட ஆவணம் கொடுத்தால் மாடல் ஒரே நேரத்தில் வாசிக்கக்கூடிய கொள்ளளவும் அத்தனை சீக்கிரம் நிரம்பும். விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், உங்கள் தமிழ்ப் பக்கம் ஒன்றுக்கு எத்தனை டோக்கன் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நோயாளி விவரம், வழக்குக் கட்டு போன்றவை வெளியே போகக் கூடாது. அப்படிப்பட்ட வேலைக்கு மெட்டாவின் லாமா, கூகுளின் ஜெம்மா போன்றவற்றைத் தரவிறக்கிச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். மடிக்கணினிக்கு அடங்கும் சிறிய அளவுகளில் தமிழ் பெரும்பாலும் தடுமாறும். அந்தரங்கத்துக்காக அதைச் சகித்துக்கொள்ளலாம் என்பேன்.

தரவரிசைப் பட்டியல்களை நான் பெரிதாக நம்புவதில்லை. அவற்றில் உங்கள் கடையின் செய்திகள் இல்லை. சரியான விடை உங்களுக்கே தெரிந்த இருபது உதாரணங்களை எடுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழும் பேச்சுவழக்கும் அதில் இருக்கட்டும். இரண்டு மூன்று மாடல்களிடம் கொடுத்து, தவறுகளை எண்ணுங்கள். அந்த உதாரணங்களைப் பத்திரமாக வையுங்கள்: பெயர் மாறாமலே மாடல் உள்ளுக்குள் புதுப்பிக்கப்படுவது உண்டு, அப்போது மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.