குரங்கணிக்குப் போகுமுன்

போடிநாயக்கனூரிலிருந்து போகும் பேருந்துச் சாலை குரங்கணி என்ற சிற்றூரோடு முடிகிறது. அதற்கு மேல் நடைபாதைதான். நூறாண்டுக்கு முன்பு மூணாறுத் தேயிலை மலையுச்சி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, குரங்கணி வழியாகப் போடிக்குப் போனது. வடம் தொடங்கிய இடம்தான் இன்றைய டாப் ஸ்டேஷன். 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துச் சென்றுவிட்டது.

ஆனால் குரங்கணி என்றதும் நம் நினைவுக்கு வருவது 2018 மார்ச் 11. மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதினர்.

பிப்ரவரி முதல் சரிவுகளில் புல் காய்ந்து சருகாகிவிடும். கீழே பிடித்த தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்துவதால், தீ சமவெளியைவிட ஏற்றத்தில் வேகமாகப் பாயும். மேலே ஓடித் தப்பலாம் என்று நினைப்பது ஆபத்து.

இந்த ஆண்டுகளில் நோன்புப் பெருநாளும் மார்ச்சில்தான் வருகிறது. கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்து பெருநாள் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள் ஊரையும் ஆற்றையும் பார்த்துத் திரும்பலாம். மலைப்பாதையில் ஏற வனத்துறை அனுமதி வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதைக்கு இணையத்தில் பதியலாம், வழிகாட்டியும் உடன் வருவார். தீக்காலத்தில் பாதையை மூடிவிட்டால், பயணத்தை வேறு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.