உள்ளும் புறமும்: ஜப்பானிய அலுவலக வாழ்வு

மலேசியாவில் 1982ஆம் ஆண்டில் கிழக்கு நோக்கும் கொள்கை வகுக்கப்பட்டது முதல், கல்விக்கும் தொழிற்பயிற்சிக்குமென ஜப்பான் சென்ற இளைஞர் பலராவர். அங்கேயே பணியில் அமர்ந்தோரும் உண்டு. புறப்படும் முன் இவர்கள் அஞ்சுவது மொழியையும் உணவையுமே. ஆயினும், சொற்களைப் பிழையறக் கற்றவரும் இடறி விழும் இடம் வேறொன்று உளது. அதனை விளக்குவன 'உச்சி', 'சொத்தோ' என்னும் இரு சொற்கள். உச்சி என்பது உள். சொத்தோ என்பது புறம். தமிழிலுள்ள 'உச்சி'க்கும் இதற்கும் தொடர்பில்லை.

வாயிற்படியில் முதற்பாடம்

ஜப்பானியர் வீட்டு வாயிலில், தரைமட்டத்திற்குச் சற்றுத் தாழ்வாக 'கென்கான்' என்னும் பகுதி இருக்கும். காலணி அங்கேயே நின்றுவிட வேண்டும். அதன் முனையை வெளிப்புறமாகத் திருப்பி வைப்பது முறை. இது தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் உள்ளே அணியும் செருப்பையும் 'தத்தாமி' பாய் விரித்த அறைக்குமுன் கழற்றிவிட வேண்டும் என்பதும், கழிவறைக்குத் தனிச் செருப்பு வைத்திருக்கும் வீடுகள் உண்டு என்பதும் புதியன.

தெருவிலும் ஒழுங்கு உண்டு. எரியும் குப்பை, எரியாத குப்பை, புட்டி, தகரக்குவளை எனப் பிரித்து, நகராட்சி குறித்த நாளில் மட்டுமே வெளியே வைக்க வேண்டும். குடிபுகுந்த 14 நாட்களுக்குள் முகவரியை நகராட்சி அலுவலகத்தில் பதிந்துகொள்ளுதலும் கடமையாகும்.

இடம் மாறும் மரியாதை

தலைமையாசிரியர் வந்தாரா என்று யார் கேட்டாலும், "வந்தார்" என்பதே தமிழ் மரபு. மரியாதை அவரை விட்டு நீங்குவதில்லை. ஜப்பானிய மொழியில் அஃது அவ்வாறன்று. அலுவலகத்திற்குள் மேலாளரைத் 'தனாக்கா-சான்' என்று மதிப்புடன் அழைப்பவர், வெளி நிறுவனத்தார் தொலைபேசியில் கேட்கும்போது, "தனாக்கா இப்போது இருக்கையில் இல்லை" என்று அடைமொழியின்றிக் கூறவேண்டும். வினைச்சொல்லும் மாறும். பிறர் சொல்வதைக் குறிக்க 'ஒஷ்ஷாரு' என்னும் உயர்வுச் சொல்லையும், தம்மவர் சொல்வதைக் குறிக்க 'மோசு' என்னும் பணிவுச் சொல்லையும் ஆள்வர்.

இதனைக் கேட்கும் தமிழ்ச்செவி திடுக்கிடும். இது மேலாளரை இழிவு செய்வது ஆகாதோ என்று ஐயுறும். உண்மை வேறு. புறத்தார் முன்னிலையில் மேலாளரும் கடைநிலைப் பணியாளரும் ஒரே 'உச்சி'யினர். தம்மவரைத் தாழ்த்தி எதிரிலிருப்பாரை உயர்த்துவதே பண்பு. அழைத்தவர் தனாக்காவின் மனைவியாயின், நிலை மாறிவிடும். குடும்பத்தாரிடம் பேசுங்கால் தனாக்கா அவர்களைச் சேர்ந்தவர். ஆகவே 'சான்' மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்நுட்பம் விளங்கத் தமிழிலேயே ஒரு திறவுகோல் உண்டு. கேட்போரை உள்ளடக்குவது 'நாம்'. அவரை நீக்கிக் கூறுவது 'நாங்கள்'. எதிரிலிருப்பவரோடு பேசுங்கால் 'நாங்கள்' என்னும் வட்டத்துள் அடங்குவோர் யார் என்று முதலில் எண்ணிப் பார்ப்பவர், மரியாதைச் சொல்லில் தவறுதல் அரிது.

வேரைச் சுற்றித் தோண்டுதல்

மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவதற்கு 'நெமவாஷி' என்று பெயர். தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இச்செயலை விளக்க வேண்டுவதில்லை. அலுவலகத்தில் ஒரு கருத்தைக் கூட்டத்திற்குக் கொண்டுவருமுன், உரியவர் ஒவ்வொருவரையும் தனியே கண்டு இசைவு பெறுதலையும் இச்சொல்லே குறிக்கும். முன்னறிவிப்பின்றிக் கூட்டத்தில் புதுக்கருத்தை எழுப்புவோர்க்கு அமைதியே விடையாகலாம். அதனை ஒப்புதல் என்று கொள்ளலாகாது. 'ஹை' என்பதும் பல வேளைகளில் "கேட்டுக்கொண்டேன்" என்ற அளவில் நின்றுவிடும்.

அறிவித்தல், தெரிவித்தல், கலந்தாலோசித்தல் ஆகிய மூன்றன் ஜப்பானியச் சொற்களின் முதலசைகளைக் கூட்டி 'ஹோரென்சோ' என்பர். அவ்வொலிக்குப் பசலைக்கீரை என்றும் பொருளுண்டாதலின் எளிதில் நினைவில் நிற்கும். பிழை நேர்ந்தால், அது சிறிதாக இருக்கும்போதே மேலாளரிடம் கூறிவிடுவது இதன் உயிர்நிலை.

எல்லை அறிதல்

மாலையில் முதலில் புறப்படுபவர், "முன்னதாகச் செல்கிறேன், பொறுத்தருள்க" என்னும் பொருள்பட ஒரு தொடர் கூறிச் செல்வர். இனிய வழக்கமே. ஆயினும் பிறர் இருக்கத் தான் எழுவதா என்னும் கூச்சமும் அதனோடு சேர்ந்தே வருகிறது. உள்வட்டத்தின் அணைப்பு இங்கே சுமையாகிவிடுகிறது. மிகுஉழைப்பால் நேரும் சாவுக்குக் 'கரோஷி' என்று தனிச்சொல்லே அந்நாட்டில் உண்டு.

இதனைத் தடுக்க 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. மிகைநேர வேலை பொதுவாக மாதத்திற்கு 45 மணி, ஆண்டிற்கு 360 மணி என்னும் எல்லைக்குள் அடங்க வேண்டும். பெருநிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும் இது நடைமுறைக்கு வந்தது. ஆண்டிற்கு 10 நாளோ அதற்கு மேலோ ஊதிய விடுப்புப் பெறுவோர், அதில் 5 நாளையேனும் எடுக்கச் செய்வது முதலாளியின் கடமையாயிற்று. ஜப்பான் செல்லும் இளைஞர் தலைவணங்கும் முறையைக் கற்பதுபோலவே இவ்வுரிமைகளையும் கற்றுச் செல்லவேண்டும்.

வகுப்பறையில் நாம், நாங்கள் என்னும் வேறுபாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும். தாய்மொழி இலக்கணத்தைத் தெளிவாகக் கற்ற மாணாக்கனுக்கு, அயல்நாட்டு அலுவலகத்திலும் அது வழிகாட்டும்.