பழைய படகில் என்ஜின் ஏன் கொதிக்கிறது?

டீசல் என்ஜினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் படகை ஓட்டப் பயன்படுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். இன்னொரு பெரும்பகுதியை நீர்தான் சுமந்து செல்ல வேண்டும். லாரிக்கு எதிர்காற்று உண்டு. படகின் அடிவயிற்றில் அடைபட்டிருக்கும் என்ஜினுக்குக் கடலே ரேடியேட்டர்.

பழைய சிறு என்ஜின்கள் சிலவற்றில் கடல்நீர் நேராக என்ஜினுக்குள்ளேயே ஓடும். நீர் அதிகம் சூடானால் உப்பும் சுண்ணமும் படியும் என்பதால், இவற்றின் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே திறந்துவிடும். மற்றவற்றில் இரண்டு சுற்றுகள் உண்டு. உள்ளே கூலண்ட் சுற்றிவரும். கடல்நீர் வெப்பமாற்றியின் குழாய்கள் வழியே ஓடி கூலண்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு கலந்து வெளியே கொட்டும்.

ஆகவே சூடு ஏறியதும் முதலில் பார்க்க வேண்டியது புகைவாய். நீர் குறைந்து ஆவி பறந்தால் கோளாறு கடல்நீர்ப் பாதையில் இருக்கிறது. நீர் தாராளமாகக் கொட்டியும் சூடு தணியாவிட்டால் வெப்பமாற்றியையும் உள்சுற்றையும் சோதிக்க வேண்டும்.

கடல்நீர்ப் பாதையை நீர் நுழையும் இடத்திலிருந்தே பார்த்து வருவது எளிது. படகின் அடியிலுள்ள துளையை பிளாஸ்டிக் பை மூடியிருக்கலாம், கொட்டலசு அடைத்திருக்கலாம். அடுத்து வடிகட்டி. அதன் மூடி சரியாக இறுகாவிட்டால் பம்ப் நீருக்குப் பதில் காற்றை இழுக்கும். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளடுக்கு பிரிந்து வழியை மறிப்பதுண்டு.

பம்பின் உள்ளே சுழலும் ரப்பர் இம்பெல்லருக்கு நீரே மசகு. சில நிமிடம் வறண்டு ஓடினாலே இதழ்கள் கிழிந்துவிடும். புதியதைப் பொருத்தினால் மட்டும் போதாது; உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். தப்பிய துண்டு வெப்பமாற்றியின் வாயில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

வெப்பமாற்றியின் குழாய்களில் படிவு ஏறியிருந்தால் மெதுவாகப் போகும்போது சூடு தெரியாது. வேகம் கூட்டினால்தான் வெப்பமானியின் முள் ஏறும். மூடியைக் கழற்றி, மெல்லிய மரக்குச்சியால் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்யலாம். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். நீரும் புகையும் கலக்கும் முழங்கைக் குழாய் பழைய படகுகளில் அடிக்கடி மறக்கப்படும் இடம். கரியும் உப்பும் துருவும் சேர்ந்து அதை உள்ளிருந்தே சுருக்கிவிடும்.

உள்சுற்றில் கூலண்ட் அளவு, பம்ப் பெல்ட்டின் இறுக்கம், கூலண்ட் தொட்டி மூடியின் ரப்பர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். என்ஜின் ஆறும்வரை அந்த மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டால், குறித்த வெப்பத்தில் அது திறக்கிறதா என்பது தெரிந்துவிடும். தொட்டியில் ஓயாமல் குமிழி வந்தாலோ, என்ஜின் ஆயில் பால்போல் வெளுத்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். அது பட்டறை வேலை.

குளிரூட்டும் பாதை முழுதும் சரியாக இருந்தும் சூடு ஏறினால், சுமை காரணமாக இருக்கலாம். உந்துவிசிறியில் கயிறு சுற்றியிருந்தாலும், அடிப்பாகத்தில் பாசி மண்டியிருந்தாலும் என்ஜின் தன் சக்திக்கு மீறி உழைக்கும். பழுது தீர்ந்ததைக் கரையில் கட்டிய படகில் உறுதிசெய்ய முடியாது. முழுச் சுமையோடு ஓட்டும்போதும் முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும்.